கரை முழுக்கக் கேட்ட சத்தம்

இன்று காலை லேபில் ஒரு பாட்டிலைத் திறந்தேன். எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கமிருந்து சோதனைக்கு வந்த தண்ணீர். மூடியைத் திருகியதுமே அந்த வாடை எழுந்தது. பழைய டீசல், அழுகிய சேறு, அடியில் எங்கோ செத்த இறால். பக்கத்து மேசைப் பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். நான் போகவில்லை. இந்த வாடைக்குள் ஒரு கோடை முழுக்க உன்னோடு உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் பழகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அன்று குமட்டியது போலவே இன்றும் குமட்டியது. பாட்டிலை மூடிவைத்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன்.

மாத்தூரில் என் வீட்டுக்குத் திரும்பியதும் இதை எழுத உட்கார்ந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதல் வருஷ நினைவுப் பூசை. பூசை முடிந்து, சாப்பாட்டுப் பந்தியில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு முன், உனக்குத் தெரிந்த கதையையே உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அங்கே அதை வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேதியியல் படித்தோம். நான் வண்ணாரப்பேட்டை, தெற்கேயிருந்து வந்து பாத்திரக்கடை வைத்த குடும்பம். தேவைக்கு மேல் வாயைத் திறந்தால் வியாபாரம் கெட்டுவிடும் என்று நம்பிய வீடு. நீ கல்மண்டபம். உன் பேச்சைப் பேராசிரியை திருத்தினால், அடுத்த பதிலை இன்னும் அழுத்தமான மெட்ராஸ் பாஷையில் சொல்வாய். விடை சரியாக இருப்பதால் அவரால் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது. பக்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குவேன். அந்த வாய் எங்கே போய் மூடிக்கொண்டது என்பதுதான் இப்போது என் கேள்வி.

நான் மேலே படிக்கப் போனேன். உன்னை எண்ணூர்க் கரையில் ஒரு குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பட்டம் வாங்கியவள் மீன்கூடைக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறாளே என்று எனக்கு அப்போதே எரிச்சல். உன் வீட்டுக்காரர் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி வந்து, கடலிலிருந்து திரும்பும் ஃபைபர் படகுகளை மணலில் மேலே இழுத்துவிடும் வேலையைத் தொடங்கினார். அலையைத் தடுக்கக் கரை நெடுகப் பாறாங்கல்லைக் கொட்டிய பிறகு, படகு ஏற ஒரே ஒரு மணல் சந்துதான் மிச்சம். அதில் ஒவ்வொரு படகையும் ஆள் வைத்து இழுத்து மாளாது. இழுத்துவிட்டதற்குப் படகுக்காரர்கள் கூடையிலிருந்து ஒரு கை மீன் அள்ளித் தருவார்கள். கைமீன் என்று அதற்குப் பெயர். உன் வீட்டில் உலை கொதித்தது அந்தக் கைமீனை விற்றுத்தான்.

இழுவைக்கு உங்கள் ஊரில் ஒரு முறையும் இருந்தது. மாதா திருவிழாவில் கோயில் சாமியார் தீர்த்தம் தெளித்துப் படகுகளை மந்திரித்த பிறகு எல்லாப் படகும் ஒரு சுற்று கடலுக்குப் போய் வரும். திரும்பி வருவதில் முதல் படகை யாருடைய வண்டி இழுத்து ஏற்றுகிறதோ, அடுத்த திருவிழா வரை இழுவை அவருக்கு. வேறு யாரும் அந்தச் சந்தில் வண்டியை இறக்க முடியாது.

உன் வீட்டுக்காரர் சிறுநீரகம் கெட்டு இறந்த பிறகு, நைட்டிக்கு மேல் அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு நீயே வண்டியில் ஏறினாய். அதற்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தாய். "காலைல எழுப்பறதுக்குள்ள நம்ம உசுரு பூடும். எழுந்துட்டா நாள் பூரா இருமிக்கினே இருக்கும். ஆனா வூட்டுக்கு ஒரே ஆம்பள அதான்மே" என்பாய்.

பிறகு அந்த மழை. முகத்துவாரத்து வழியாக வெள்ளம் ஏறியபோது கூடவே எண்ணெயும் வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். தண்ணீர் வடிந்தபின் நான் வந்து பார்த்தபோது வீட்டுச் சுவர்களில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. நாரைகள் தார் பூசிய துணி மாதிரி கிடந்தன. நல்ல ஷூ போட்டவர்கள் சிலர் வந்து, எண்ணெயில் முக்கிய கையைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காட்டியவர்களும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காட்டினார்கள். எனக்கு இரண்டுமே பொறுக்கவில்லை. நீ வாசலில் உட்கார்ந்து அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படித்த உன் பெண் ரீட்டாவின் கால்களை மண்ணெண்ணெயால் துடைத்து, தோல் எரியாமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாய். பின்னால் மேட்டில் டிராக்டர் சக்கரம் பாதி புதைந்து சாய்ந்து நின்றது.

வெள்ளத்தில் எஞ்சின் இறுகிவிட்டது என்றாய். உப்புத்தண்ணீர் உள்ளே போய்விட்டது என்றாய். அன்றைக்கு ஊரே தன் வலையையும் படகையும் விட்டுவிட்டு வந்து, வலை வடத்தை டிராக்டரில் கட்டி மேட்டுக்கு இழுத்ததாகப் பெருமையாகச் சொன்னாய். 

கடல் கொஞ்சம் தெளிந்து படகுகள் போக ஆரம்பித்தபோது அதே கரையில் படகு வைத்திருந்த உன் கொழுந்தன் சேவியர் ஒரு புது டிராக்டரை வாங்கி வந்தான். உன் வண்டி எழுந்திருக்கும் வரை தற்காலிகமாக என்றுதான் சொன்னான். கைமீன் அவன் கூடைக்குப் போயிற்று. நீ மார்க்கெட்டில் உட்கார்ந்து ஊரார் வாங்கிய மீனைச் செதிள் எடுத்துக் கொடுத்தாய். கோடை வந்தபோது அவன் பேச்சில் தற்காலிகம் என்ற சொல் போய்விட்டது. என் எதிரிலேயே உன்னிடம் சொன்னான்: "அண்ணி, அது பொணம். பொணத்த வாசல்ல வெச்சுக்கினு யாராச்சும் குடித்தனம் பண்ணுவாங்களா? எடைக்குப் போட்டுடுங்க." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் நிஜமான இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைப் பார்த்துத்தான் எனக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று.

நீ எனக்கு போன் பண்ணி, மாமனாரை எழுப்ப வேண்டும், என் விடுமுறை நாளெல்லாம் இனி உனக்குத்தான் என்று சொன்னாய். கேட்கவில்லை, சொன்னாய்.

திருவொற்றியூர் ஹைரோட்டில் பட்டறை வைத்திருந்த பாஸ்கரை வரவழைத்திருந்தாய். அவனை நினைத்தாலே எனக்கு இன்றும் முகம் சுளிக்கிறது. வாயில் எப்போதும் பாக்கு. பேச வேண்டுமென்றால் முதலில் துப்புவான். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, வேறு எஞ்சின் ஒன்றைத் தூக்கி வைத்துவிடலாம், இந்தப் பழையதைத் தானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்றான். செத்த மாமனாரை இலவசமாகத் தூக்கிப்போக எவ்வளவு நல்ல மனசு என்று நீ கேட்டாய். அவனுக்கு வெட்கம் எதுவும் வரவில்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் மேல் கட்டையை வைத்துச் சம்மட்டியால் இரண்டு போடு போட்டால் தெரிந்துவிடும் என்றான். அடிக்கக் கூடாது, ஊற வைக்க வேண்டும் என்று நீ மறித்தாய். ஊறட்டும், ஊறியதும் கூப்பிடு என்று சொல்லிவிட்டு, திறந்து வைத்திருந்த எஞ்சினுக்குப் பக்கத்திலேயே துப்பிவிட்டுப் போனான். நீ ஒரு முறத்தில் மணலை எடுத்து அதன் மேல் கொட்டினாய்.

அதிலிருந்து அந்த எஞ்சின் நம் இரண்டு பேருக்கும் வேலையாயிற்று. முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றினோம். உள்ளே கெட்டியான சேறு, அதில் ஒரு நண்டு செத்து ஓட்டோடு காய்ந்திருந்தது. அடியில் இருந்த திருகைத் திறந்தபோது முதலில் கறுப்புத் தண்ணீர் வந்தது. பிறகு எண்ணெய் வந்தது. பால் திரிந்த டீ மாதிரி, கட்டி கட்டியாக. அது ஒரு நாற்றம். சாக்கடை நாற்றத்தில்கூட ஒரு உயிர் இருக்கும், இதில் அதுவும் இல்லை. நான் கையுறை போட்டிருந்தேன். நீ போடவில்லை. கையை உள்ளே விட்டு, வழித்து வழித்து வெளியே போட்டாய். அந்தக் கையோடு எனக்கு ரஸ்க் எடுத்து நீட்டினாய். நான் வாங்கவில்லை.

டீசல் ஊசிகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக மூன்று சிலிண்டருக்குள்ளும் ஊற்றுவதற்கு எதை எதோடு கலப்பது என்று நமக்குள் சண்டை. மண்ணெண்ணெய் மெலிது, துருவுக்குள் ஓடும், ஆனால் நிற்காது. பிரேக் ஆயில் நிற்கும், ஊடுருவ நாளாகும். பிறகு இரண்டையும் கலந்து, டீசலும் சேர்த்து ஊற்றினோம். "மூணு வர்ஷம் படிச்சதுக்கு இன்னிக்குத்தான்மே பிரயோஜனம்" என்று நீ சிரித்தாய். வாரா வாரம் நான் வரும்போது மட்டம் இறங்கியிருக்கும். மறுபடி ஊற்றுவோம். எஞ்சின் முன்பக்கத்துப் பெரிய நட்டில் நீளமான குழாய் ஒன்றை மாட்டி அதன் மேல் சாய்ந்து நிற்போம். ஒரு வாரம் இந்தப் பக்கம், ஒரு வாரம் அந்தப் பக்கம். நான் ஆத்திரத்தில் ஒரு தடவை அதைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். நீ கத்தவில்லை. என் கையை எடுத்துவிட்டு, "தொங்காத. சும்மா சாஞ்சுக்கோ. நம்ம எடை போதும் அதுக்கு" என்றாய்.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் சக்கரத்தட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மணி அடித்து ஓய்ந்த நேரம், நாம் குழாயில் சாய்ந்தபடி ரீட்டாவைக் கல்லூரியில் சேர்ப்பதைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். என் தோள் கொஞ்சம் கீழே போன மாதிரி இருந்தது. பார்த்தால் கோடு நகத்தளவு நகர்ந்திருந்தது. நீ 'ம்' என்றாய், அவ்வளவுதான். மறுபடி சாய்ந்தோம். இன்னும் கொஞ்சம் போயிற்று. மூன்றாவது தடவை சட்டென்று இளகியது. உள்ளே ஊறிக்கிடந்ததெல்லாம் ஊசி ஓட்டை வழியாகப் பீறிட்டு நேராக என் முகத்தில் அடித்தது. கண்ணாடி, வாய், ரவிக்கை எல்லாம் துருக்குழம்பு. நான் வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் நீ மணலில் உட்கார்ந்து, சிரிக்க மூச்சில்லாமல் டயரைத் தட்டிக்கொண்டிருந்தாய். மாமனார் மருமகள் மேல் காறித் துப்பிவிட்டார் என்று அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாய்.

ஆனால் சுற்று முழுதாகப் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து டக்கென்று நின்றது. அந்த இடத்துக்கு வந்ததும் நீ என் முகத்தைப் பார்க்காமல் இருந்தாய். அது எனக்கு அப்போது புரியவில்லை.

பாஸ்கர் வந்து எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தான். பிஸ்டனையும் கீழே சுழலும் கிராங்கையும் சேர்க்கிற இரும்புத் தண்டை ராடு என்பார்கள். நடுச்சிலிண்டரின் ராடு வளைந்திருந்தது. நேராக இருக்க வேண்டியது வாழைத்தண்டு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, குட்டையாகி, அதனால் பிஸ்டன் கீழே இறங்கும்போது கிராங்கில் இடித்து நின்றது. துருவால் இப்படி ஆகாது என்றான் பாஸ்கர். வெள்ளத்துத் தண்ணீர் உள்ளே நிற்கும்போதே வண்டியை கியரில் போட்டு யாரோ பலமாக இழுத்திருக்கிறார்கள். தண்ணீரை அமுக்க முடியாது, அதனால் ராடு வளைந்துவிட்டது என்று சொல்லி, துப்புவதற்கு இடம் பார்த்தான்.

யாரோ என்றால் யார் என்று எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் கரையில் எது சிக்கினாலும் வைத்தியம் ஒன்றுதான். வலை சிக்கினாலும், படகு மணலில் புதைந்தாலும், எல்லோரும் வந்து வடத்தைப் பிடித்து, ஒரே குரலில் இழுப்பார்கள். என்ன சிக்கியிருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அன்றைக்கும் அப்படித்தான். மேட்டுக்கு இழுத்ததோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இவ்வளவு பேர் கூடிவிட்டோமே, இப்படியே தள்ளி ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்துவிடலாம் என்று சேவியர் வண்டி மேல் ஏறி கியரைப் போட்டிருக்கிறான். கரையே இழுத்திருக்கிறது. கியர் போட்டது அவன் என்பது மட்டும் அன்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாஸ்கர் போன பிறகு உன்னிடம் கேட்டேன். இதெல்லாம் உனக்குத் தெரியுமா என்று.

"தெரியும்" என்றாய். "சத்தம் கேட்டுச்சே. உள்ள எலும்பு ஒடஞ்சா மாதிரி."

"அப்போ ஏன் இத்தனை மாசமா வெள்ளத்து மேல பழியப் போட்டுட்டு இருக்க?"

நீ வளைந்த ராடைக் கழுவிக்கொண்டிருந்தாய். "அவன் அவன் வலை எண்ணெயில கெடக்குது மே. அத வுட்டுட்டு என் வண்டிக்கு வந்தாங்கோ. அவங்களாண்ட போயி, நீங்க இழுத்துதான் கெட்டுச்சுன்னு எந்த மூஞ்ச வெச்சுக்கினு சொல்றது?"

அவர்கள் சொல்கிறார்களே, அது பிணம், எடைக்குப் போடு என்று, உடைத்தவன் வாயாலேயே சொல்கிறானே என்று நான் கேட்டேன். நீ ராடைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாய். அந்தக் கோடையில் நான் முகர்ந்த எல்லா நாற்றத்தையும் விட அந்த மௌனம் எனக்கு அருவருப்பாக இருந்தது. உதவி செய்தவன் என்பதற்காக அவன் செய்த நாசத்துக்கும் நன்றி சொல்ல வேண்டுமா? இதைப் பெருந்தன்மை என்று நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. பயம் என்றும் சொல்ல முடியவில்லை. உனக்கு யாரிடமும் பயம் கிடையாது.

திருவிழாவுக்கு முன் வலைக் கொட்டகையில் ஊர்க்கூட்டம் கூடியது. இழுவையை இப்போதே தன் பெயருக்கு மாற்றிவிடச் சொல்லி சேவியர் கேட்டிருந்தான். அது போய்விட்டால் நீயும் ரீட்டாவும் காலம் முழுக்கச் செதிள் எடுக்க வேண்டியதுதான். நீ இழுவைக்காரி என்பதால் உனக்கு உள்ளே இடம். துணைக்கு என்று என்னையும் அழைத்துப் போனாய். நான் உன்னிடம் சொல்லாமல் ராடைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். சேவியர் எழுந்து, அண்ணன் ஞாபகத்துக்காக அண்ணி துருவைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று உருக்கமாகப் பேசினான். நான் பைக்குள் கையை விட்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் பையை என் மடியிலிருந்து இழுத்து, உன் அடியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துவிட்டாய். கூட்டம் முடியும் வரை அந்த இரும்பின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாய். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஊர்ப்பெரியவர் அந்தோணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மந்திரிப்பு நாள் வரை பொறுக்கலாம், அன்றைக்கு முதல் படகை எந்த வண்டி ஏற்றுகிறதோ அதற்கு என்றார். யாரும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசித் தெருக் குழாய்த் தண்ணீருக்கே மணிக்கணக்கில் சண்டை போடுகிற ஊர் உங்களுடையது. இதற்கு மட்டும் அவ்வளவு அமைதி எப்படி என்று எனக்கு அன்றே சந்தேகம் தட்டியது. உன் நல்ல நேரம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது வெறும் உழைப்பு. கிராங்க் லேத்துப் பட்டறைக்குப் போய் வந்தது. புது ராடு, புது பிஸ்டன்கள், சிலிண்டருக்குள் புது லைனர்கள். வால்வுகளை மட்டும் நாமே தேய்த்தோம். பசையைத் தடவி, குச்சியின் நுனி ரப்பரில் வால்வை ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்ட வேண்டும். கை மரத்துப்போகும். அந்த மத்தியானங்களில் நீ உன் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினாய், அவர் உயிரோடு இருந்தபோது பேசியதைவிட அதிகமாக. பாஸ்கர் எல்லாவற்றையும் கோத்து முடுக்கினான். அவன் கை சுத்தம் இல்லை, வாய் சுத்தம் இல்லை, முடுக்கியது மட்டும் சரியாக இருந்தது. மந்திரிப்புக்கு முந்தின நாள் உச்சிவெயிலில் செல்ஃபை அழுத்தினாய். வெள்ளைப் புகை வந்தது, பிறகு நீலம், பிறகு கருகிய மீன் நாற்றம். கடைசியில் மாமனார் இருமினார். நான்தான் அப்போதே சொன்னேனே என்றான் பாஸ்கர். சொன்னியே, பழச நானே எடுத்துக்கினு போறேன்னு, என்றாய் நீ.

மறுநாள் கடலிலிருந்து முதலில் திரும்பியது சேவியரின் படகு. அவன் புது டிராக்டர் சந்துக்கு மேலே நின்றது. அவன் படகிலிருந்து குதித்து அதில் ஏறுமுன் நீ மாமனாரோடு சந்தில் இறங்கிவிட்டாய். வேறு வழியில்லாமல் அவனே உன் கொக்கியை வாங்கித் தன் படகில் மாட்டினான். அதை இழுத்து ஏற்றி அந்த வருஷத்து இழுவையை வாங்கினாய். அவன் ஒரு கை மீன் அள்ளித் தந்தான். நீ வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். நான் பார்க்கப் பிடிக்காமல் கோயில் பக்கம் நடந்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலம் முடியுமுன் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ. திரும்பவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை, விட்டுவிடுகிறேன். ரீட்டா படிப்பை மாலைக் கல்லூரிக்கு மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறி, இந்த வருஷத் திருவிழாவிலும் இழுவையைத் தக்கவைத்தாள். அதுவரைக்கும் சரி.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உனக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படத்தை வெட்டி, உன் கறுப்பை இரண்டு பங்கு வெளுக்க வைத்து, 'கரையின் தாயே' என்று போட்டிருந்தார்கள். உனக்குத் தெரிந்தால் அதை இழுத்து மீன் காயப்போட விரித்திருப்பாய். பந்தியில் என் எதிர் வரிசையில் சேவியர். இலையில் சோறு விழுந்ததும் பேச ஆரம்பித்தான். அன்றைக்கு வெள்ளத்தில் கரையே சேர்ந்து வடம் போட்டு இழுத்ததால்தான் அந்த வண்டி பிழைத்தது; இல்லாவிட்டால் சேற்றிலேயே போயிருக்கும் என்றான். சின்ன வயசுக்காரர்கள் தலையாட்டினார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். "கரை காப்பாத்துன வண்டி கரைக்குப் பொதுதானே? ரீட்டா ஒருத்தியே ஓட்டிக்கினு, எல்லா கைமீனையும் எடுத்துக்கினு போனா எப்டி? வர்ற திருவிழாவுல பேசி முடிச்சுடுவோம்" என்றான். ரீட்டா கையில் ரசவாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

நீ இருந்திருந்தால் என் மேலேயே ஏறி உட்கார்ந்திருப்பாய். நீ இல்லை. நான் சொன்னேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"நீங்க இழுத்ததாலதான் அந்த வண்டி கெட்டது. உள்ளே தண்ணி இருக்கறப்போ நீங்கதான் ஏறி கியர் போட்டீங்க. ராடு வளைஞ்சது அதுல. வளைஞ்ச ராடை நான் பார்த்திருக்கேன்."

பந்தியில் சாப்பிடும் சத்தம் நின்றது. இனி இவர்கள் என்னை அடித்து விரட்டுவார்கள், வெளியூர்க்காரிக்கு இங்கே என்ன பேச்சு என்பார்கள் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு பதிலை மனசுக்குள் தயார் செய்தேன். வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த அந்தோணி பெரியவர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"தெரியும்மா" என்றார். "அன்னிக்கே தெரியும். கரை முழுக்கக் கேட்டுச்சே அந்த சத்தம்."

அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. வடம் பிடித்த ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருக்கிறது. பிணம் என்று சொன்னபோது சேவியருக்கும் தெரிந்திருக்கிறது. அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்னே ஏன் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். 

"அவ சொல்லல" என்றார். "அவளே வெள்ளம்னு சொல்லிக்கினு கீறா. நாங்க எப்டி வாயத் தொறக்கறது? அதான் மந்திரிப்பு வரிக்கும் டைம் குடுத்தோம். எங்களால ஆனது." பிறகு சேவியரிடம் திரும்பினார். "டேய், பொதுன்னு இன்னொரு தபா சொன்னீன்னா, அன்னிக்கு கியர் போட்டது யாருன்னு சாமியாராண்டயே சொல்லுவேன். அது ரீட்டா வண்டி. கம்முனு துன்னு."

அவ்வளவுதான். சாப்பாடு மறுபடி ஆரம்பித்தது. ரீட்டா எனக்கு ரசம் ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை, உன் பெண்தான்.

இழுவை அவளிடம் நிற்கும். அதில் எனக்கு நிம்மதி. மற்றபடி, அந்தப் பந்தியிலிருந்து எழுந்தபோது இருந்த அருவருப்பு இன்னும் இறங்கவில்லை. அதில் உனக்கும் பங்கு உண்டு. நீ அவர்கள் முகத்தைக் காப்பாற்ற வெள்ளம் என்றாய். அவர்கள் உன் வார்த்தையைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டார்கள். இப்படி ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டதில் நீ மாதக்கணக்காக ஊராருக்குச் செதிள் எடுத்தாய். அந்தப் பெரியவர் அதை எவ்வளவு அன்போடு சொன்னார் தெரியுமா? அந்த அன்பைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ரீட்டா பஸ் ஸ்டாப் வரை என்னோடு நடந்து வந்தாள். அம்மா இருந்திருந்தால் இதைச் சொல்ல விட்டிருக்க மாட்டாள் என்றாள். நன்றி சொன்னாளா, குறை சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது.

உன் பொறுமையை நான் கற்றுக்கொள்ளவில்லை, கற்றுக்கொள்ளவும் மாட்டேன். உன் சிரிப்பும் எனக்கு வராது. உன்னோடு இருந்ததில் என்னிடம் தங்கியது ஒரு கெட்ட பழக்கம் மட்டும்தான். ஆபீசிலோ தெருவிலோ யாருக்காவது ஒரு கஷ்டம் என்று நாலு பேர் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பும்போது, அவர்களுக்கு முன்னால் போய் நின்று, கொஞ்சம் இருங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு இழுக்கலாம் என்கிறேன். அந்த நேரத்தில் எல்லோருக்கும் என் மேல் எரிச்சல் வருகிறது. நல்ல காரியத்துக்கு நடுவே வந்து நிற்கிறாளே என்கிறார்கள்.

நிற்கிறேன்.